விரதக்காரி

ஏப்ரல் 22, புதன்

கோயமுத்தூரிலிருந்து இன்று மதியம் கோபிக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். இத்தனை வேகத்தடையைப் போட்ட மகராசன் யாரோ, அவனுக்கு ஒருநாள் வயிற்றில் தையல் போட்டு இதே சாலையில் கூட்டிப் போக வேண்டும்.

சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் ஷெரின். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் பெண். என் மாணவி வயதுதான் இருக்கும். "என்ன குடிச்சீங்க, அதுக்கப்புறம் எப்படி இருந்துச்சு, மனசுல என்ன தோணுச்சு, எல்லாம் எழுதுங்க மேடம்" என்றாள். இருபத்து நான்கு வருடமாகப் பிள்ளைகளின் வேதியியல் ரெக்கார்டு நோட்டைத் திருத்தியவளுக்கு இப்போது தானே ஒன்று எழுத வேண்டி வந்திருக்கிறது.

இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழ அளவு என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். முதலில் வெறும் தெளிந்த நீர். பிறகு கஞ்சி, மோர். பிறகு மசித்தது. பிறகு மெத்தென்று இருப்பது. அவசரப்பட்டால் உள்தையல் பிரிந்துவிடும் என்று மூன்று பேர் மூன்று தடவை சொல்லிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் என் வீட்டுக்காரரும் பெங்களூரில் இருக்கும் மகனும் மட்டுமே. வெட்கப்பட்டு மறைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வயிறு என் சொந்த விஷயம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 24

மருந்து மூடியில் இளநீர். ஒரு மூடியைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரம். பொறுமை என்ற ஒன்று எனக்கு இருப்பது நாற்பத்தொன்பது வயதில் தெரிய வருகிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

நங்கையா போன் செய்தார். என் வீட்டுக்காரரின் அக்கா சரோஜினியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். சத்தியமங்கலத்தில் இருக்கிறார். குலதெய்வம் கோயிலில் கெடாவெட்டு, இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு விற்பவர். வாடிக்கையாளரிடம் அரை மணி நேரம் பேசுவார், அக்காவிடம் மட்டும் வாய் குழறும். "இல்லீங்கக்கா, கோகிலாவுக்கு வர முடியாது" என்றார். ஏன் என்று அவர் கேட்க, இவர் என்னைப் பார்க்க, நான் வேண்டாம் என்று தலையாட்ட, "அவ விரதமா இருக்கறாளுங்கக்கா" என்று போட்டாரே ஒரு போடு.

"விரதமா? கோகிலாவா?" அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியம் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆமாங்க. பால், மோரு, தண்ணி அவ்வளவுதான். வைகாசி விசாகம் வரைக்கும்."

"என்னத்துக்குடா?"

"வேண்டுதலுங்கக்கா. வெளிய சொல்லக்கூடாதில்லீங்களா?"

அதற்கு மேல் நங்கையா ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு இவர் பெருமையாக என்னைப் பார்த்தார். நல்ல யோசனைதான் என்று நானும் சொன்னேன். போன வருடம் டிவியில் இந்த ஆபரேசனைப் பற்றி ஏதோ வந்தபோது, "திங்கறதையும் தின்னுபோட்டு, அறுத்துக்கிட்டு எளைக்கறதாமா, சோம்பேறிக கண்டுபுடிச்ச வேல" என்றவர் நங்கையா. அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 29

ஒரு விசித்திரம். எனக்குப் பசியே இல்லை. பசியைக் கிளப்பும் சுரப்பி வெட்டி எடுத்த பகுதியோடு போய்விட்டதாம். இவர் தனக்கு மட்டும் அரிசிம்பருப்பு சோறு செய்து நெய் ஊற்றி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறார். "கதவைத் திறந்துட்டே சாப்புடுங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். பூண்டு வாசனை வந்தது. நன்றாக இருந்தது, ஆனால் கை நீளவில்லை. யாரோ பக்கத்து வீட்டில் சமைப்பது மாதிரி இருந்தது.

மே 3, ஞாயிறு

இன்றிலிருந்து வடிகட்டிய கஞ்சி, மோரில் கலக்கிய புரதப் பொடி. பொடி சுண்ணாம்புத் தூள் ருசி. இன்னும் சொன்னால் சுண்ணாம்புக்கு அவமானம்.

நங்கையா நேரிலேயே வந்துவிட்டார். நான் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் பார்ப்பார், பார்த்துவிட்டு ரவிக்கைத் துணி எத்தனை மீட்டர் ஆகும் என்று யாரிடமாவது கேட்பார். இன்று அப்படி இல்லை.

"என்ன அம்மிணி, இப்புடி எளச்சுப்போயிட்டே" என்று கன்னத்தைத் தொட்டார். கண்ணில் நீர் நின்றது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாஞ் சாமி. சொன்னா பலிக்காது. எனக்குத் தெரியும் யாருக்காகன்னு."

எனக்கே தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கேட்கவில்லை. இந்த வீட்டில் முதல் முறையாக அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

மே 8

யாருக்காக என்று இன்று தெரிந்துவிட்டது. மோகனப்பிரியா போன் செய்தாள். நங்கையாவின் ஒரே மகள், பெருந்துறையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை.

"அத்தை, அம்மா சொன்னாங்க" என்றாள். பிறகு பேச முடியாமல் அழுதாள். "எனக்காக நீங்களும் இப்புடி..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. நானும் "அழாத கண்ணு" என்றேன். வேறென்ன சொல்வது?

இவரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்பப் போயி இல்லன்னா புள்ள மனசு ஒடஞ்சு போயிரும். விசாகத்தோட முடியற விசயம். உட்டுரு." விட்டுவிட்டேன். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.

மே 12

காலை: ராகிக் கஞ்சி, கால் டம்ளர். மதியம்: பருப்புத் தண்ணீர். மாலை: புரதப் பொடி.

தெருவில் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டுப் பெண் தன் மகனைக் கூட்டி வந்து என் காலில் விழ வைத்தாள். பிளஸ் டூ ரிசல்ட்டு வரப்போகிறதாம். பையனின் வேதியியல் பேப்பர் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், விபூதியால் ஆகக்கூடிய காரியமில்லை. இருந்தாலும் பூசிவிட்டேன். "முகத்துல ஒரு தேஜஸ் வந்துருச்சுங்க டீச்சர்" என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடியில் பார்த்தேன். தாடை எலும்பு தெரிகிறது. தேஜஸ் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்க மோசமில்லை. மாலையில் ஒரு மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். காற்றுக்காக.

மே 16, சனி

இன்றைக்கு நடந்ததை ஷெரினுக்காக ஒழுங்காக எழுத வேண்டும்.

நங்கையா பழனிக்குப் போய் என் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு நேராக இங்கே வந்தார். கையில் பஞ்சாமிர்த டப்பா. மூடியைத் திறந்து, விரல் நிறைய எடுத்து, "வாயத் தொற சாமி" என்றார். சர்க்கரை கூடவே கூடாது என்பது என் பட்டியலில் முதல் வரி. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. விரதக்காரி பிரசாதத்தை மறுத்தால் அப்புறம் என்ன விரதம்? வாயைத் திறந்தேன். இன்னொரு விரல் வந்தது. அதையும் வாங்கினேன்.

பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. சேலை முழுக்க வேர்வை. வயிற்றைப் பிசைந்தது, கண் இருட்டியது. கழிவறைக்குப் போய் வந்து தரையிலேயே படுத்துக்கொண்டேன். இவர் விசிறியோடு ஓடி வந்தார், முகம் வெளுத்திருந்தது. நங்கையா என்னைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். "முருகா, எறங்கிட்டியா" என்றார்.

எனக்குள் முருகன் இறங்கியதாக அவர் நினைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு வலித்தது. அதையும் அவர் அருள் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

ஷெரினிடம் போனில் சொன்னேன். "யாரு குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லணும் மேடம். இனிப்பு நேரா குடலுக்குப் போயிடும், இப்படித்தான் ஆகும்" என்றாள். "சாமி குடுத்தா?" என்றேன். "சாமிக்கு நம்ம டயட் சார்ட் தெரியும் மேடம்" என்றாள். கெட்டிக்காரி.

மே 17

நாள் முழுக்கப் படுக்கை. மோர். மோகனா இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மே 21, வியாழன்

மசித்த உணவுக்கு வந்துவிட்டேன். ஒரு இட்லியில் கால்வாசி, பருப்பு விட்டுக் குழைத்தது. நான்காவது வாயில் மூக்கில் நீர் கொட்டியது. வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தமாம். என் வயிறு இனிமேல் மூக்கு வழியாகத்தான் பேசும் போலிருக்கிறது.

மோகனா தனியாக பஸ் ஏறி வந்தாள். பார்த்து ஒரு வருடம் இருக்கும். இன்னும் பருமனாகியிருக்கிறாள். வந்தவள் சோபாவில் உட்காராமல் கீழே உட்கார்ந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சோபா கிறீச்சென்று சத்தம் போடும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. எடை குறைந்தால் கரு தங்க வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. "நடக்கறேன், ஓடறேன், ராத்திரி சாப்புடறதில்ல. ரெண்டு கிலோ எறங்குது, மூணு கிலோ ஏறுது" என்றாள். பிறகு என் தட்டைப் பார்த்தாள். "உங்களுக்குப் பசிக்கவே பசிக்காதுங்களா அத்தை?"

"இல்ல கண்ணு." இந்த ஒரு மாதத்தில் அவளிடம் நான் சொன்ன ஒரே நிஜம் அது.

"எனக்கு எப்பவும் பசிக்குதுங்க. சாப்புட்டு எந்திரிக்கறப்பவே பசிக்குது. உங்களப் பாக்கறப்போ எனக்கே அசிங்கமா இருக்குது. எனக்காக நீங்க வாயக் கட்டறீங்க, என்னால கட்ட முடியல."

சாப்பிட்டுப் போ என்றேன். பசியில்லை என்று சொல்லிவிட்டாள். வாசல் வரை போய் வழியனுப்பினேன். அவள் தெருமுனை திரும்பும்வரை, கூப்பிடு, கூப்பிட்டுச் சொல்லிவிடு என்று எனக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். மோகனா முனை திரும்பிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. மாத்திரை மூன்றும் நேரத்துக்குப் போட்டேன்.

மே 27

விரதத்தை முடித்து வைக்கும் ஏற்பாட்டை நங்கையா கையில் எடுத்துக்கொண்டார். விசாகத்தன்று எங்கள் வீட்டிலேயே விருந்து. தலைவாழை இலை. முதல் இலை எனக்கு. நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தால்தான் விரதம் நிறைந்ததாகக் கணக்காம். அதற்கு முன், என் இலையிலிருந்து முதல் பிடிச் சோற்றை மோகனா மடியேந்தி வாங்கிச் சாப்பிட வேண்டுமாம். நங்கையாவுக்குத் தெரிந்த யாருக்கோ அப்படிச் செய்து மறுவருடமே தொட்டில் கட்டினார்களாம்.

ஷெரினிடம் கேட்டேன். "மெத்துனு வெந்தது, மூணு நாலு ஸ்பூன். ஒரு இலைச் சாப்பாடா? விளையாடாதீங்க மேடம்" என்றாள்.

மே 31, ஞாயிறு

இவர் ஒரு யோசனையோடு வந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது சோற்றை அதில் தள்ளிவிட வேண்டுமாம். எதிரே நின்று அவர் எல்லோர் கவனத்தையும் மோட்டார் பேச்சுக்கு இழுத்துவிடுவாராம். சாம்பாருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ரெண்டு கவரு வெச்சுக்கலாம்" என்றார். ஆபரேசனுக்குப் பிறகு இவ்வளவு நான் சிரித்ததில்லை.

சிரித்து முடித்த பிறகு கேட்டேன். "அந்தப் புள்ளைக்கு ஒரு பிடி குடுக்கணுமே, அத என்ன பண்றது?"

"அது நெசமான சோறுதானே" என்றார். அவருக்கே அது சரியாகப் படவில்லை.

ஜூன் 1

நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். நினைப்புக்கு என்ன, நினைக்கலாம்.

ஜூன் 2, செவ்வாய், வைகாசி விசாகம்

விடியும் முன்பே நங்கையா வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டார். பருப்பு, சாம்பார், ரசம், இரண்டு பொரியல், கூட்டு, வடை, பாயசம். தெருவிலிருந்து சிலர், மோகனாவின் கணவர், எல்லோருமாகக் கூடம் நிறைந்திருந்தது. என்னை நடுவில் உட்கார வைத்து இலை போட்டார்கள். சோறு மலை மாதிரி விழுந்தது. நெய் ஊற்றினார்கள்.

மோகனா எதிரே வந்து மண்டியிட்டாள். மஞ்சள் சேலை. முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். குனிந்திருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பருப்பும் சோறும் பிசைந்து ஒரு பிடி எடுத்துவிட்டேன். அவள் முந்தானைக்கு மேலே வரைக்கும் கொண்டு போனேன். போட முடியவில்லை. திருப்பி இலையிலேயே வைத்தேன்.

"நங்கையா, நான் விரதமே இல்லீங்க" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. இவர் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏப்ரல் மாசம் கோயமுத்தூர்ல ஆபரேசன் பண்ணிக்கிட்டேன். ஒடம்பு எளைக்கறதுக்கு. வயித்த வெட்டி எடுத்துட்டாங்க. அதனாலதான் சாப்புடறதில்ல. நான் யாருக்காகவும் வேண்டிக்கலீங்க."

ஒரு மாதமாக இந்த வார்த்தைகளைச் சொன்னால் செத்துவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. சாகவில்லை. எதிர்வீட்டுப் பெண் மெதுவாக எழுந்து வெளியே போனாள். பின்னால் இன்னும் சிலர்.

நங்கையா கரண்டியோடு அப்படியே நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை. "சாமி பேர்ல பொய் சொன்னீங்களா, ரெண்டு பேரும்?"

"நாந்தாங்கக்கா சொன்னேன்" என்றார் இவர்.

"சொன்னது அவரு. இத்தன நாளும் அத வெச்சுட்டு உக்காந்திருந்தது நானு" என்றேன்.

மோகனா முந்தானையை விடவில்லை. விரித்தபடியே வைத்திருந்தாள். "அப்ப எனக்காக இல்லீங்களா அத்தை?"

"இல்ல கண்ணு. எனக்காகத்தான்."

அவள் முந்தானையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். உடைந்து போவாள் என்று இவர் பயந்தார், நானும் பயந்தேன். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பாரம் தூக்கி வந்தவர்கள் இறக்கி வைத்ததும் விடுவார்களே, அந்த மூச்சு.

"ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்லீங்க அத்தை" என்றாள். "நீங்க எளைக்க எளைக்க, இவங்களையும் பட்டினி போட்டுட்டேனேன்னு. அம்மா செவ்வாக்கிழம விரதம், எங்க மாமியா சனிக்கிழம, இவரு கோழியத் தொடறதில்ல. ஆறு வருசமா என்னச் சுத்தி எல்லாரும் பசியோடயே இருக்கறாங்க. ஒவ்வொரு மாசமும் எனக்குத் தள்ளிப் போகலைன்னா, அத்தன பேரு பட்டினியும் வீணாப் போகுது. நீங்க ஒருத்தராச்சும் உங்களுக்காக இருந்தீங்களே. எனக்கு அது போதுமுங்க."

அவள் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் எழுந்து போய் அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தாள். "இன்னைக்கு செவ்வாக்கிழம. காலைலருந்து இத்தன பேருக்கு ஆக்கி வெச்சுட்டு, நீ பச்சத் தண்ணி கூடக் குடிக்கல. வா, உக்காரு."

"வேண்டாஞ் சாமி. விரதம் கெட்டுரும்."

"கெடட்டும்மா. கெட்டா நான் பாத்துக்கறேன். இந்தப் பசிய என் தலையில வெக்காத."

என் இலையை எடுத்துவிட்டு அதே இடத்தில் அவளே புது இலை போட்டாள். நங்கையா வேண்டாம் வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தார். நான் எழுந்து பரிமாறினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைத் தடுக்கவும் இல்லை. இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு பிசைய ஆரம்பித்தார்.

எனக்கு நாற்பது நாளாகப் பசியென்றால் என்னவென்று தெரியாது. அதற்கு ஊரே என் காலில் விழுந்தது. ஆறு வருடச் செவ்வாய்க்கிழமைகளில் நங்கையா அடுப்படியில் நின்று, வெந்ததை எல்லாம் அடுத்தவர்களுக்குப் போட்டுவிட்டு, நல்ல பசியோடு படுத்திருக்கிறார். அவர் எங்கும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. கேட்கிற அளவுக்கு நானும் அவரைப் பார்த்ததில்லை.

பருப்புச் சோறு முடிந்தது. சாம்பார் சோறும் முடிந்தது. நான் ரசத்தை எடுக்கத் திரும்பினேன்.

"கோகிலா" என்றார் தலை நிமிராமல். "சோறு இன்னுங் கொஞ்சம் வெய்யி."

வைத்தேன். போதும் என்று அவர் சொல்லும்வரை வைத்துக்கொண்டே இருந்தேன்.